எட்டை ஒன்பதாக்கியவன்

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இஸ்ஸதீனின் கைக்கடிகாரக் கடை வாசலில், ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும்தான் கிளெமென்ற்றின் உலகம். பழங்காசு வாங்கி விற்பது தொழில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள், தங்கள் பயணப்பெட்டியின் அடியில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டிய காலம்.

பெட்டியின் மேல் ஒரு பச்சைத் துணி விரித்திருப்பார். யார் வந்தாலும் காசைத் துணியில் வைக்கவேண்டும். அவர் துணியிலிருந்து எடுத்துப் பார்ப்பார். திரும்பத் துணியிலேயே வைப்பார். கைக்குக் கை மாறினால், 'என்ட காசை மாத்திப்போட்டாய்' என்று நாளைக்கு ஒருவன் வந்து நிற்பான்.

"பொண்ணையும் துணியில வைங்க எண்டு கேட்டீங்களா? அதான் ஒருத்தனும் தரல்ல," என்பான் இஸ்ஸதீன்.

கிளெமென்ற் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வார்.

கையிலிருந்து அவர் வாங்கும் ஒரே பொருள் பின்னேரத்துப் பிளேன்ரீ, பாலில்லாத தேநீர். பக்கத்து ஒழுங்கை லொட்ஜில் சமைக்கும் பழனியம்மா கொண்டுவந்து கையில் கொடுப்பாள். வாங்கும்போது கிளாஸின் சூடு இருவர் விரலிலும் ஒரு நொடி இருக்கும். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்தது. அவ்வளவும் இருந்தது.

ஒருநாள் கிளாஸோடு சேலை முந்தானை முடிச்சையும் அவிழ்த்தாள். "எங்கம்மா இந்தியாவுலருந்து வரயில கொண்டாந்த காசு, காசுக்கார சார். ஹட்டன்ல மகளுக்கு வீடு கட்ட ஒரு துண்டு நெலம் வாங்கணும். இது ஏதாச்சும் பெறுமா?"

இந்திய ரூபாய். ஒரு தோலா எடை. ஆறாம் ஜோர்ஜின் தலை. கிளெமென்ற் பின்பக்கம் திருப்பி ஆண்டைப் பார்த்தார். 1939. அடுத்த ஆண்டிலிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நல்ல வெள்ளியில் அடித்த கடைசி ஆண்டு அது. வெளியே வந்ததும் சொற்பம். முப்பத்தெட்டை எந்தத் தட்டிலும் பொறுக்கலாம். முப்பத்தொன்பதை அவர் படத்தில்தான் கண்டிருக்கிறார்.

"வீட்டுத் துண்டில்லை அக்கா, வீடே கட்டலாம். என்னட்ட விடுங்கோ. வெளிநாட்டுக்காரர் ஒராளிட்டக் கதைக்கிறன்."

அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் போனாள்.

அந்தச் சந்தோசத்தை யாரிடமாவது சொல்லாமல் அவருக்கு இருக்க முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கொட்டாஞ்சேனையில் பேதுருவிடம் சொன்னார். சின்ன வயதில் கோயிலில் ஒன்றாக முதல் நன்மை வாங்கியவர்கள். பேதுரு செட்டியார் தெருவில் நகைகளுக்கு எழுத்து வெட்டுகிறவன். வாலிப வயதில் ஒருநாள், எட்டின் கீழ்வளையத்தை இடப்பக்கம் சுரண்டினால் ஒன்பதாகிவிடும் என்று செய்தே காட்டினான். வயிறு நோகச் சிரித்தார்கள் அன்றைக்கு.

செவ்வாய்க்கிழமை அவன் கடைக்கு வந்தான்.

"எங்கையடா உன்ர ராசா?"

கிளெமென்ற் எடுத்தார். துணியில் வைக்கவில்லை. பேதுருவுக்கு எதற்குத் துணி? நீட்டிய கையில் கொடுத்தார்.

"இஞ்ச இருட்டு. வெளிச்சத்தில பாப்பம்," என்று அவன் கூரை நிழலைவிட்டு வீதியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்போது வீதியில் ஆமி ஜீப் வந்து நின்றது. "ஐசி! ஐசி!" கடைகளில் இருந்தவர்களையெல்லாம் வெளியே வரச் சொன்னார்கள். "இந்தா மச்சான், பிடி," என்று பேதுரு கையில் திணித்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே கிளெமென்ற் அடையாள அட்டையைத் தேடினார். வரிசை கலைந்தபோது பேதுரு போய்விட்டிருந்தான்.

மறுநாள் வெளிநாட்டுக்காரர் வருவதாயிருந்தது. காலையில் காசைத் துடைக்க எடுத்தார். எடை சரி. பெட்டிக் கண்ணாடியில் தட்டிப் பார்க்கச் சத்தமும் சரி. பூதக்கண்ணாடியை வைத்தார். ஒன்பதின் வயிற்றுக்குக் கீழே, இடப்பக்கம், வெள்ளி கீறல்பட்டு மினுங்கியது. அந்தக் கைவேலையை அவருக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஒருநாள் சிரித்தார்.

வரப்போகும் வெளிநாட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே அவர் கடையில் இருக்கவில்லை. பஸ் பிடித்துச் செட்டியார் தெருவுக்குப் போனார். பேதுரு வேலை மேசையிலிருந்து நிமிரவேயில்லை.

"நீ கையில தந்தனி. நான் கையில தந்தனான். துணி எங்க மச்சான்?" என்றான்.

சுற்றியிருந்த வேலைக்காரர்கள் பார்த்தார்கள். கிளெமென்ற்றுக்குக் கத்த வரவில்லை. ஒருகாலமும் வந்ததில்லை. "அது அவளின்ர காசடா," என்றார், தனக்கே கேட்காத குரலில். பேதுரு அடுத்த மோதிரத்தை எடுத்தான்.

பின்னேரம் லொட்ஜின் பின்வாசலில் நின்று பழனியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். எட்டையும் சொன்னார், ஒன்பதையும் சொன்னார். அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நா குடுத்த மாதிரித்தானே இருக்கு?"

"இது அதில்லை."

"உங்க கூட்டாளி மாத்திட்டாரா?"

"ஓம்."

"நீங்க பக்கத்துல இருக்கயிலயா?"

"ஓம்."

"எல்லாரையும் துணியில வைக்கச் சொல்லுவீங்களே சார்."

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: வீடே கட்டலாம் என்று அவர்தான் சொன்னார், இப்போது இல்லையென்றும் அவர்தான் சொல்கிறார். நடுவில் இருந்த பேதுருவை அவள் கண்டதேயில்லை. அவள் காசை முந்தானையில் முடிந்தாள். அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கியது. திரும்பி மூடியை எடுத்தாள்.

மறுநாளும் பிளேன்ரீ வந்தது. கிளெமென்ற் பழக்கத்தில் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கிளாஸைப் பச்சைத் துணியின் நடுவில் வைத்துவிட்டு, அவர் எடுக்கும்வரை தள்ளி நின்றாள்.