பெரட்டு மாதிரி ஒரு கல்லூரி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பைஸர் நானாவின் மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் பிரேமினியை எல்லோரும் நர்ஸ் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவளும் இல்லை என்று சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு என்று மனதுக்குள் ஒரு சாக்கு வைத்திருந்தாள். சாக்குக்கு அவளிடம் என்றைக்குமே பஞ்சமில்லை.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஏ.எல். முடித்த கையோடு கொழும்பில் ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே நடந்ததை அவள் வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. படிப்பு முடியும்வரை ஓர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. ஊசி போட்டதெல்லாம் ரப்பர் பொம்மைக்கு. பாடம் பாதி சிங்களம், பாதி ஆங்கிலம். புரியாதவர்கள் பார்த்து எழுதி உருப்போட வேண்டியதுதான். விடுதியில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். அந்தச் சான்றிதழ் அரசாங்க ஆஸ்பத்திரியில் செல்லாது என்பது, அதை வாங்கப் போகிற சமயத்தில்தான் தெரியவந்தது.

செல்லாத சான்றிதழையாவது கொடுத்தார்களா என்றால், அதற்கும் ஒரு விதி இருந்தது. எந்தக் கல்லூரி எப்படி என்று படித்த பிள்ளைகளே எழுதுகிற இணையத்தளம் ஒன்று உண்டு. பெற்றோர் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அதில் ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதிக் காட்டினால்தான் அலுவலக மேடம் கையெழுத்து வைப்பார். தமிழில் எழுதினாலும் தப்ப முடியாது. ஃபோனில் போட்டுச் சிங்களமாக்கிப் பார்த்துவிடுவார்.

பிரேமினிக்குப் புத்தி வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. ஃபோனுக்குப் புரியாத, நம்ம ஆட்களுக்கு மட்டும் புரிகிற வார்த்தையில் எழுதிவிட்டால் என்ன? ஐந்து நட்சத்திரத்தையும் போட்டு இப்படி எழுதினாள்:

“இங்கே தினமும் காலையில் பெரட்டு மாதிரி பேர் கூப்பிடுவாங்க. மேடம் கண்டாக்கையா மாதிரி பின்னாலேயே நிப்பாங்க. ஹொஸ்டல் நம்ம லயம் மாதிரியே இருக்கும். நம்ம பிள்ளைகளுக்கு இதுக்கு மேல சொல்லத் தேவையில்லை.” கீழே, பிரேமினி, நோர்வூட்.

ஃபோன் அதை என்னவாகச் சொன்னதோ, மேடம் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுப்பதும், கண்டாக்கையாவின் மேற்பார்வையில் கொழுந்து பறிப்பதும், லயத்து வீட்டு வரிசையில் எட்டடிக் காம்பராவும் வேண்டாம் என்று படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை வேறு என்ன என்று பிரேமினி பஸ்ஸில் வரும்போது தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அதை அழித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கலாம். யாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் கல்லூரி உதவாது என்று எழுதினால், அங்கே படித்த நர்ஸும் உதவாதவள் என்றாகிவிடுமே. கடைக்கு வருகிறவர்கள் “நர்ஸம்மா” என்று கூப்பிடுவது காதுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்துக்காகத்தான் அவள் பேசாமல் இருந்தாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். தாய் கையில் ஒரு பை நிறைய லீக்ஸ்.

“நீதான பிரேமினி புள்ள? நான் நாகலெட்சுமி, நம்ம தோட்டத்துக் கீழ் டிவிசன். இது எம்மவ லோஜினி. நீ படிச்ச காலேஜுலதான் இவளும் சேரப் போறா. உனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னு வந்தோம்.”

“எப்படித் தெரியும்ங்க அந்தக் காலேஜ?” என்றாள் பிரேமினி.

“நெட்டுல அக்கா எழுதுனது ஒண்ணுதான் தமிழ்ல இருந்துச்சு” என்றாள் லோஜினி. “அம்மா கொழும்புக்கு விடவே மாட்டேன்னுச்சு. டீச்சர் காலேஜுக்கு இன்டர்வியூ வந்திருந்துச்சு, அங்க போன்னுச்சு. எனக்கு நர்ஸ் ஆகத்தான் ஆசை. அக்கா எழுதுனத வாசிச்சுக் காட்டுன பொறகுதான் அம்மா சரின்னுச்சு.”

“ரெண்டு மூணு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்” என்றாள் நாகலெட்சுமி.

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பைஸர் நானா நிமிர்ந்து பார்த்தார். பிரேமினி குரலைத் தாழ்த்தினாள். அப்போதும் அவளுக்குத் தன் மானம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை நினைத்து உடனே கூசினாள்.

“அங்க சேர்க்காதீங்க” என்றாள். “அங்க படிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த சேட்டிபிகேட்ட வச்சு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. நான் நர்ஸ் இல்லீங்க. கடையில மாத்திர எடுத்துக் குடுக்கிறேன், அவ்வளவுதான்.”

“பின்ன நல்லாத்தான எழுதியிருக்க?” என்றாள் நாகலெட்சுமி.

“நல்லதா எழுதலீங்க. குத்திக்காட்டித்தான் எழுதினேன். பெரட்டு, கண்டாக்கையா, லயம்னு சொன்னா நம்ம ஆளுங்க புரிஞ்சிக்குவாங்கன்னு...”

நாகலெட்சுமிக்கு அது விளங்கவில்லை.

“பெரட்டுல என்ன புள்ள குத்தம்? பேர் கூப்பிட்டாத்தான வந்தது யாரு, வராதது யாருன்னு தெரியும். ஒரு நாள் நான் போகலன்னா, என்னாச்சு நாகலெட்சுமிக்குன்னு கண்டாக்கையா கேப்பாரு. அடுத்த காம்பரா சனம் கதவத் தட்டும். கொழும்புல எம்மவளக் காணோம்னா கேக்க ஆளு இருக்குன்னு நெனச்சேன். அதனாலதான் சரின்னேன்.”

பிரேமினிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எழுதாமலே இருந்திருந்தால் இந்த அம்மா மகளை விட்டிருக்க மாட்டாள். வெறும் ஐந்து நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டாள். தான் வைத்த எச்சரிக்கையேதான் இந்தப் பெண்ணை இழுத்து வந்திருக்கிறது. நம்ம ஆட்கள், நம்ம ஆட்கள் என்று எழுதியவள், அந்த வார்த்தைகளைக் கேட்டால் அவர்களுக்கு என்ன தோன்றும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. தனக்குக் கேவலமாகப் பட்டதெல்லாம் அவர்களுக்கும் கேவலம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

“அக்கா” என்றாள் லோஜினி. “டீச்சர் காலேஜ் இன்டர்வியூ போன வாரமே முடிஞ்சிருச்சு. நான் போகல. இனி கூப்பிடுவாங்களா?”

கூப்பிடுவாங்க என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மருந்துக்கு வருகிறவர்களிடம் சரியாப் போயிரும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பிரேமினி அதை விழுங்கினாள்.

“தெரியாதும்மா. நாளன்னிக்கு நானும் கூட வாறேன். போய்க் கேட்டுப் பாப்போம். தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன்.”

நாகலெட்சுமி பையை மேசையில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்தாள்.

“நீ எழுதுனத நம்பித்தான புள்ள அவள இன்டர்வியூக்கு அனுப்பாம விட்டேன்” என்றாள், கோபமே இல்லாத குரலில்.