ஓரத்தில் எழுதிய ‘ஆம்’

பயிற்சிக் கையேடு, விதி ஏழு: ‘ஆலோசனைக்கு வந்தவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே பதிவு செய்ய வேண்டும். ஒரு சொல் யாரைக் குறிக்கிறது என்பதில் ஐயம் இருந்தால் அவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும்.’

நான் ஒரு பெண்ணின் சொல்லை மாற்றினேன். கேட்டுத் தெளியவில்லை. பிறகு, மாற்றவே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் தன் வீட்டில் எவருக்குப் பயந்தாளோ, அவரிடமே அவளைப் பொறுப்பாக ஒப்படைத்தேன்.

இதுதான் விஷயம். இனி வருவதெல்லாம் விவரம். விருப்பமில்லையென்றால் நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்... நானும் நாலு வருடமாக இங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளே என் கையெழுத்து வெறும் கிறுக்கலாகிவிட்டது. தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவள ஆலோசகர் பட்டயப் படிப்பு, ஓராண்டு, சனி ஞாயிறு வகுப்பு, வயது வரம்பு இல்லை என்று விளம்பரம் வந்தது. ‘மனிதர்களுக்கு உதவ’ என்று விண்ணப்பத்தில் காரணம் எழுதினேன். எல்லோரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது எதிரே ஒரு நாற்காலி, அதில் தன் குறையைச் சொல்ல வந்த ஓர் ஆள்!

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஷமீமா மேடம். உத்தமபாளையத்துக்காரர், என் மகள் வயது. முதல் மாதமே என்னைச் சரியாகக் கணித்துவிட்டார்.

“சார், நீங்க நல்லாக் கேக்குறீங்க. ஆனா கேட்டு முடிச்சதும் ஆர்டர் போட்டுர்றீங்க.”

வகுப்பு சிரித்தது. பக்கத்தில் இருந்த கோம்பைக்காரச் செவிலியர் ராஜாத்தி விடவில்லை. “சாருகிட்ட அழுறதா இருந்தா மூணு நகல்ல அழணும் மேடம்.”

நானும் சிரித்தேன். அது நகைச்சுவை இல்லை, நோயின் பெயர் என்று அப்போது தெரியவில்லை.

வாக்குமூலம் பதிவு செய்வதில் நான் கைதேர்ந்தவன். “அந்தப் பய எஞ் செடியப் பூராம் வெட்டிப்புட்டான்” என்று ஒருவர் கத்துவார். என் பேனா ‘எதிர்மனுதாரர் மனுதாரரின் பயிரைச் சேதப்படுத்தினார்’ என்று எழுதும். கத்தல் போய்விடும், கோப்பு சுத்தமாகிவிடும். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். ஷமீமா மேடம் அதைத்தான் மறக்கச் சொன்னார்.

இரண்டாம் பருவத்தில் நேரடிப் பயிற்சி. மார்க்கையன்கோட்டையில் கல்லூரி நடத்திய ஆலோசனை மையம் எனக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே வந்தவள்தான் செல்வி. பெயரை மாற்றியிருக்கிறேன். ஒரு விதியையாவது கடைப்பிடிக்க வேண்டாமா?

முப்பது வயதிருக்கும். திராட்சைத் தோட்ட வேலை. கணவன் குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். வீட்டில் அவர்கள் இருவரும், கணவனின் அண்ணனும். அண்ணன் மனைவியை இழந்தவர்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: “அவுக வீட்ல இருந்தா எனக்குச் சோறு எறங்காது சார். குளிக்கக்கூடப் போறதில்ல. அவுக வெளிய போற வரைக்கும் அடுப்படியிலேயே நிப்பேன்.”

எங்கள் பக்கத்துப் பெண் முன்பின் சொல்லாமல் ‘அவுக’ என்றால் அது புருஷன். இதற்கு அகராதி வேண்டாம். நான் பதிவில் எழுதினேன்: ‘கணவர் வீட்டில் இருக்கும்போது உணவு உண்ண இயலவில்லை.’

ஆனால் கணவனின் அண்ணன் பெயரையும் எங்கள் பெண்கள் சொல்ல மாட்டார்கள். அவரும் ‘அவுக’தான். இதுவும் எனக்குத் தெரியாததா? புருஷன் வீட்டில் இருக்கிறான் என்பதற்காகக் குளிக்கப் போகாத மனைவி உண்டா? ‘அவுகன்னா யாரும்மா?’ என்று இரண்டு சொல் கேட்டிருந்தால் போதும்... கேட்கவில்லை. விளங்கிவிட்டது என்று நினைப்பவன் எதற்குக் கேட்பான்!

ஷமீமா மேடம் பதிவைத் திருத்தி அனுப்பினார். ‘கணவர்’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் ஒரு கேள்வி: ‘இது அவர் சொன்ன சொல்லா?’

அடுத்த சனிக்கிழமை செல்வி வருவாள். கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் அதுவரை பதிவு நிலுவையில் நிற்கும். என் மேஜையில் எதுவும் நிலுவையில் நின்றதில்லை. மகள் வயதுப் பெண் என் பதிவில் குறை கண்டதும் உறுத்தியது. ‘ஆம்’ என்று எழுதி, சுருக்கக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டேன்.

அந்த ‘ஆம்’ மீதுதான் அடுத்த உத்தரவு எழுந்தது. குடும்பத்தினரை அழைத்துப் பேசலாம் என்று அனுமதி வந்தது. அதற்கு ஆலோசனைக்கு வந்தவரின் ஒப்புதல் வேண்டும். படிவத்தை அவளிடம் நீட்டினேன்.

“அவுகளைக் கூப்பிட்டா என்னமும் ஆயிராதே சார்?”

“நான் இருக்கேன்ல?” என்றேன். ஆலோசகர் வாக்குறுதி தரக் கூடாது என்பது விதி ஒன்பது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

குடும்பத்தை அழைத்திருந்த நாளில் மேடத்துக்குத் தேர்வுப் பணி. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். செல்வியுடன் கணவனும் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் வெள்ளை வேட்டி, பணிவான பேச்சு. நல்ல நாற்காலியை அவருக்குப் போட்டேன். கணவனைப் பார்த்து, மனைவியிடம் நடந்துகொள்ளும் முறை பற்றிப் பத்து நிமிடம் பேசினேன்.

அவன் விழித்தான். “நான் என்ன சார் செஞ்சேன்?”

“ஏலே, வாய மூடு. சார் நல்லதுக்குத்தான சொல்றாக” என்றார் அண்ணன்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. “தம்பி ஜீப்ல போயிருவாரு. வீட்டுக்குப் பெரியவரு நீங்கதான் இந்தப் புள்ளையப் பார்த்துக்கணும். உங்க பொறுப்பு” என்றேன். அவர் எழுந்து கும்பிட்டார்.

ஆண்கள் இருவரும் படியிறங்கினார்கள். செல்வி மட்டும் வாசலில் நின்றாள். குரல் வெளியே போகாதபடி கேட்டாள்: “சார்... நான் அவுகளத்தான சார் சொன்னேன்?”

அவள் கண் போன திசையில் வெள்ளை வேட்டி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நொடியே, முழுதாக! இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். புரியாமல் செய்தது அதுவரை. அதற்குப் பிறகு செய்தது புரிந்தே செய்தது. அவளை உள்ளே கூப்பிட்டிருக்கலாம். மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அதற்கென்று தனி விதியே இருந்தது, எண்ணும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போனில் முதலில் சொல்ல வேண்டியது, என் ‘ஆம்’ பொய் என்பதை.

“எல்லாம் சரியாப் போயிரும்மா. போயிட்டு வாங்க” என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். ‘சுமுகமாக முடிந்தது’ என்று பதிவை முடித்தேன். அவள் பிறகு வரவில்லை. ‘தேவை நிறைவடைந்தது’ என்று எழுதினேன். எனக்குப் பட்டயம் கிடைத்தது. முதல் வகுப்பு!

ஆறு மாதம் கழித்து ஏதோ வேலையாக வந்தவன்போல் செல்வியின் தெருவுக்குப் போனேன். அண்ணன்தான் எதிர்ப்பட்டார். வற்புறுத்தி உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“சார் சொன்ன மாதிரி நான்தான் பார்த்துக்கிட்டேன். போன மாசம் சொல்லாமக் கொள்ளாம எங்கிட்டோ போயிருச்சு. போனும் எடுக்கல. ஆத்தா வீட்டுக்கும் போகலயாம். இங்கன என்ன கொற வச்சோம், சொல்லுங்க!”

டீயைக் குடித்து முடித்தேன்.

பட்டயத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். பிறகு கழற்றி பீரோவில் வைத்தேன். அதனால் அவளுக்கு என்ன? இப்போது அவள் எந்த ஊரில், யார் வீட்டில், எந்தக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருக்கிறாள்? யாராவது ஒருவர், ‘அவுகன்னா யாரு?’ என்று அவளைக் கேட்டிருப்பாரா? இல்லை, ஒரு தடவை சொல்லிப் பார்த்ததே போதும் என்று வாயை மூடிக்கொண்டாளா?

இந்தச் சித்திரையில்தான் ஷமீமா மேடத்துக்கு எழுதினேன். இரண்டு பக்கம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். ‘என் தரப்பில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது’ என்று தொடங்கும் கடிதம். நல்ல கடிதம்தான். நாலு முறை திருத்தினேன்.

ஒப்புகை அட்டை நாலு நாளில் திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். ஒன்றரை மாதம் விட்டு இன்னொன்று.

கடைசியில் ஓர் உறை வந்தது. உள்ளே தனிக் கடிதம் இல்லை. என் கடிதத்தையே திருப்பி அனுப்பியிருந்தார். ‘பிழை’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் ஒரு கேள்வி: ‘இது நீங்கள் சொல்ல வந்த சொல்லா?’

கேள்விக்குக் கீழே எனக்காக இடம் விட்டிருந்தார். அது இன்னும் காலியாக இருக்கிறது. பழக்கம் விடவில்லை... உறையின் மேல் மட்டும் எழுதி வைத்தேன்.

பெறப்பட்டது: செப்டம்பர் 17.