ஒரு சொல்லில் இரண்டு அர்த்தம்

எண்பதுகளில் என் கணவர் துபாயில் வேலை பார்த்தார். லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் பக்கத்துக் கடைக்கு ஒருநாள் அவருடைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. நான்தான் பேசினேன். இங்கிலீஷில் அவர் பெயரும் 'இன்வேலிட்' என்ற சொல்லும் மட்டுமே புரிந்தன. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அகராதியைப் பார்த்த கொழுந்தன், "நடமாட முடியாத நோயாளின்னு போட்டிருக்கு மதினி" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறுக்காமல் பஸ் ஏறி, பெரம்பலூரில் இங்கிலீஷ் டீச்சராக இருந்த என் தோழியிடம் ஓடினேன்.

"எத அழுத்திச் சொன்னாங்கடி? 'இன்'னையா, 'வே'யையா?"

"'வே'யைத்தான்."

"அப்ப ஆளுக்கு ஒண்ணுமில்ல. 'இன்'ன அழுத்துனாத்தான் நோயாளி. இது ஏதோ செல்லாதுன்னு சொல்றது."

மறுநாள் அவரே போனில் வந்து, விசாதான் செல்லாமல் போனது என்று சொன்ன பிறகே நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் புரியாத சொல் வந்தால், மறுபடி சொல்லச் சொல்லி, எங்கே அழுத்துகிறார்கள் என்று கேட்காமல் போனை வைப்பதில்லை.