எங்கள் வீட்டில் யாரும் விழவில்லை

சீழ் வாடை சோற்றில் ஏறும். பானையை எத்தனை முறை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், வாசலில் சாம்பிராணி புகைத்தாலும், கவளத்தை வாயருகே கொண்டுபோகும்போது இனிப்பும் அழுகலுமாக அது முன்னால் வந்து நிற்கும். நான் ஆறாம் வகுப்பு படித்த அந்தக் கோடை முழுவதும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில், அந்த வாடையோடுதான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம்.

வாடை வந்தது என் அப்பாவின் வலது பாதத்திலிருந்து. அவரை நாங்கள் ‘நைனா’ என்போம். இரும்புக் கம்பி இழுக்கும் மில்லில் வேலை. ஒரு மத்தியானம், சூடு ஆறாத கம்பி ஒன்று இடுக்கியிலிருந்து நழுவி, அவருடைய கிழிந்த கேன்வாஸ் ஷூவைத் துளைத்துப் பாதத்தில் இறங்கிவிட்டது. மில்லின் சூப்பர்வைசர் கஜபதி, இயந்திரம் துடைக்கும் ‘பனியன் வேஸ்ட்’டைக் காயத்தில் சுற்றி, தன் பைக்கில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார். கையில் ஒரு பை ஆப்பிள்.

“சின்ன காயம்தாம்மா, பேஜாராவாத. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு, இன்ஸ்பெக்டருன்னு வந்து மில்ல மூடிடுவாங்கோ. யாராவது கேட்டா, ஊட்ல பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தாருன்னு சொல்லிடு. நான் பாத்துக்கிறேன்.”

எங்கள் வீட்டில் பாத்ரூமே கிடையாது. நான்கு கழிகளில் கட்டிய தென்னந்தட்டியின் மறைவில்தான் குளிப்போம். அம்மா அதைச் சொல்ல வாயெடுத்தபோது, அதே மில்லில் வாட்ச்மேனாக இருந்த பெரியப்பா, “சோறு போடுற எடத்தக் காட்டிக் குடுக்கக் கூடாது” என்று அடக்கிவிட்டார். பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தைதான் அது.

தெருமுனைக் கம்பவுண்டர் தினமும் வந்து மஞ்சள் களிம்பு பூசிவிட்டுப் போனார். பாதம் வீங்கிப் பளபளத்தது, பிறகு கறுத்தது. கட்டைப் பிரிக்கும்போது துணியோடு சதையும் ஒட்டிக்கொண்டு வரும். ஈக்களை விசிறுவது என் வேலை. ஒருநாள் கட்டுக்குள் வெள்ளையாக எதுவோ நெளிவதைப் பார்த்து வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தேன். அன்றைக்குத்தான் அம்மா யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து நைனாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் சென்னை ரயிலில் ஏற்றினாள். ரயிலில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனார்கள்.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே நைனா, “பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்” என்றார். டாக்டர் இடுக்கியால் காயத்துக்குள்ளிருந்து கறுப்பான செதில் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். ‘டிங்’ என்றது.

“உங்க பாத்ரூம்ல இரும்பு காய்ச்சுறீங்களா?”

அம்மா அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆனாலும் பாதி பாதம் போய்விட்டது. “அடிபட்ட அன்னிக்கே கூட்டினு வந்திருந்தா முழுசா காப்பாத்தியிருக்கலாம்மா” என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, நைனா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நியாயம் கேட்க மில்லுக்குப் போன அம்மாவோடு நானும் போயிருந்தேன். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்த மேனேஜர், “இங்க அடிபட்டிருந்தா அன்னைக்கே ஏன்மா சொல்லல?” என்று கேட்டார். சொல்லாதே என்று வீடு தேடி வந்து சொன்ன கஜபதி, அவருடைய நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று, “நல்லா நடந்துதான் சார் ஊட்டுக்குப் போனாரு” என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா மில் வாசலில் காறித் துப்பினாள். வாட்ச்மேன் ஸ்டூலில் இருந்த பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வருட மழைக்காலத்தில், பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து பெஞ்சு இறக்க எங்களை விட்டார்கள். ஈரப் படியில் நான் சறுக்கி விழுந்தேன். பெஞ்சு என் இடது மணிக்கட்டின் மேல் விழுந்தது. டீச்சர் தண்ணீர் தெளித்து, கடைசி மணி அடிக்கும்வரை மூலையில் உட்காரவைத்து, “ஊட்டாண்ட வெளையாடும்போது வுழுந்தேன்னு சொல்லு, கண்ணு” என்று என் கன்னத்தைத் தடவினார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை. தன் பழைய புடவையைக் கிழித்து என் கையைக் கழுத்தோடு கட்டி, திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே நடத்திக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் கிளம்பத் தயாராக ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அம்மா அதன் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள்.

“எங்க ஊட்ல யாரும் வுழல சார். இங்கதான் வுழுந்துச்சு. எப்ப, எங்க, எப்டின்னு இப்பவே எழுதுங்கோ. எழுதிட்டு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.”

“இதுக்குப் போயி இன்னாமா...”

“ஒரு பாதம் குடுத்தாச்சு சார். கையும் குடுக்க மாட்டேன்.”

அவர் எழுதினார், வியர்த்துக்கொண்டே கூடவும் வந்தார். எலும்பு இரண்டு இடத்தில் விலகியிருந்தது. அன்றைக்கே மாவுக்கட்டு போட்டதால் கை நேராகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் பெஞ்சு தூக்கப் பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை.

போன மாதம் பொன்னேரியில் ஒரு கல்யாணப் பந்தியில் கஜபதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மீசைக்குச் சாயம், நெற்றியில் திருநீறு. விசாரித்து என்னை அடையாளம் தெரிந்துகொண்டதும் நெகிழ்ந்துபோனார்.

“உங்க நைனா தங்கமான ஆளும்மா. பாவம், பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து கால் போச்சு.”

அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அதை அவரே நம்பிவிட்டிருந்தார்.

“மில்லுல கம்பி இறங்கிச்சு. நீங்கதான் உங்க வண்டியில இட்டாந்து எறக்கினீங்க” என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

நைனா இல்லை, மில்லும் இல்லை. மில் நின்ற இடத்தில் இன்று கண்டெய்னர் கிடங்கு, புகைபோக்கியைக்கூட இடித்துவிட்டார்கள். நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை என்பது கஜபதிக்கும் தெரியும்.

“அந்த மில்லே இப்ப இல்லியேம்மா, இன்னாத்துக்குப் பழைய கதை” என்றவர், பாயச வாளியோடு போனவனைக் கைதட்டிக் கூப்பிட்டு, இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.