கப்பலில் கோழி கிடையாது

எழுதிப் பழக்கமில்லாதவ நான். அஞ்சாங்கிளாசு வரைதான் படிப்பு, மறதியும் உண்டு. வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் நீங்க மகளுக்க நாவலைப் பத்திக் கேட்டதால எழுதுகேன். கோணல்மாணலா இருந்தா பொறுத்துக்கிடணும்.

மகள் கனடாவில் இருக்கா. அவ எழுதின நாவல் தபாலில் வந்தது. நாகர்கோவில்ல நான் தனியாத்தான் இருக்கேன். சத்தம்போட்டு எழுத்துக்கூட்டி வாசிச்சாலும் கேட்க ஆளில்லை. முடிக்க ரெண்டு மாசம் ஆச்சு.

கதையில் ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை விண்கப்பலில் வேற நட்சத்திரத்துக்குப் போறா. பெரியவங்க எல்லாரும் பெட்டிக்குள்ள உறக்கம். இவ மட்டும் முழிச்சிருக்கா. அங்கவச்சு வயசுக்கு வருகா. பதினோரு நாள் ஒருத்தருக்கும் தெரியாது. கப்பலை ஓட்டுற மிஷின் மட்டும் பேசிக்கிட்டே இருக்கு.

எனக்குப் பொறுக்கல்லை. மகள் போன் பண்ணினப்போ கேட்டேன்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைக்குப் பச்சைமுட்டையும் நல்லெண்ணெயும் ஆரு குடுத்தா?"

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "கப்பல்ல கோழி கிடையாதும்மா."

"எண்ணெயாவது கொண்டு போயிருக்கலாமே. அவ அம்மைக்கு அறிவு வேண்டாமா?"

"அம்மையும் பெட்டிக்குள்ள உறங்குகாளே."

"உறங்கட்டு. பிள்ளை தட்டினா முழிக்க மாட்டாளா?"

"இவ தட்டல்லியே."

அதைக் கேட்டதும் எனக்கு மகளுக்க சின்ன வயசு ஞாபகம் வந்தது.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் நான் பால்வெட்டுக்குப் போன காலம் அது. அவளுக்க அப்பா இறந்து ஒரு வருசம் ஆயிருந்தது. விடியும் முன்னே போனா, பாலை எடுத்து ஷெட்டில் ஒப்படைச்சு வர மத்தியானம் ஆகும். பிள்ளைக்குப் பேச்சுத்துணைன்னு ரேடியோவைப் போட்டுட்டுப் போவேன். வந்து கஞ்சி குடிச்சதும் செத்தாப்போல உறங்குவேன். அவ வயசுக்கு வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அறிஞ்சேன். மூணு நாளா மறைச்சு வச்சிருக்கான்னு சொன்னா. முட்டை வாங்க ஓடினேன். ஏன் எங்கிட்ட சொல்லல்லைன்னு கேட்கல்லை. அன்னைக்கும் வெக்கம், இன்னைக்கும் வெக்கம்.

போனில் மகள்கிட்டக் கேட்டேன். "எம்மேல கோவமா மக்கா?"

"இல்லம்மா. உன்னை எழுப்பப் பாவமா இருந்துது."

அதுக்குப் பெறவு அவ அங்கத்த குளிரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா.

புத்தகத்தில் பதினோரு நாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது மூணு. இத்தனை வருசமும் நான் மூணுன்னே நினைச்சிருந்தேன். அடுத்த மாசம் உங்க கூட்டத்தில் அவ போன் வழியா பேசுகாளாம். அவ மறைச்சு வச்சது எத்தனை நாள்னு யாராவது கேட்டு, நான் மூணுன்னு எழுதினது தப்புன்னா திருத்திப் போடுங்க. நான் கேட்டதாச் சொல்ல வேண்டாம்.