தெர்மாமீட்டர் காட்டிய தொண்ணூற்று மூன்று

என் மகள் இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மழைக்காலத்தில் அவளுடைய அறிவியல் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கத்தை அவள் சார் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தார்.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்க்கும் சோதனை. எல்லாப் பிள்ளைகளும் நூறு என்று எழுதினார்கள். இவள் மட்டும் தொண்ணூற்று மூன்று என்று எழுதினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்ததாம், பாதரசம் அதற்கு மேல் ஏறவே இல்லையாம். சந்தேகப்பட்டுப் பக்கத்து மேசைத் தெர்மாமீட்டரையும் வாங்கி வைத்துப் பார்த்திருக்கிறாள். அதுவும் அதே இடத்தில்தான் நின்றது. நூறு என்று மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சார் சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறை மதிப்பெண் கிடையாது.

இவள் மாற்றவில்லை. பஸ்ஸில் ஏறினாலே, "தொண்ணூத்திமூணு வந்துட்டா, தள்ளி உக்காருங்கடா, கொதிச்சிருவா" என்று கேலி.

"புக்குல என்னதான் கண்ணு போட்டிருக்குது?" என்று கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "வாட்டர் பாய்ல்ஸ் அட் ஹண்ட்ரட் டிகிரி செல்சியஸ் அட் நார்மல் அட்மாஸ்பியரிக் பிரஷர்."

"அந்தக் கடைசியில வருதே, அது என்ன?"

"தெரியலம்மா. அப்படித்தான் முடியும்."

நான் தமிழில் பத்தாவது வரை படித்தவள். இப்போது இங்கே மலையில், கேத்தியில், கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்கிறேன். "இயல்பான வளிமண்டல அழுத்தத்தில்" என்று நானும் அந்தக் காலத்தில் ராகம் போட்டுச் சொன்னவள்தான். தமிழில் சொன்னேன், அவ்வளவுதான். அது என்ன என்று எனக்கும் யாரும் சொன்னதில்லை.

அவள் என் போனை எடுத்துத் தமிழில் தேடினாள். யாரோ ஒரு பெண் பேசும் வீடியோ கிடைத்தது. நம்மைச் சுற்றியிருக்கும் காற்று தண்ணீரை மேலிருந்து அழுத்துகிறது, மலைமேல் போகப் போக அந்த அழுத்தம் குறைகிறது, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். மகள் துள்ளி எழுந்தாள்.

"அதாம்மா நம்மூட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகறதில்ல! கோயமுத்தூர்ல சின்னம்மா ஊட்டுல வெறும் பாத்திரத்துலயே வெந்துருது பாரு!"

"அப்ப நாம இருக்கற எடம் நார்மல் இல்லையா?"

"இல்லியாம் அம்மா. கடக்கரதான் நார்மல்."

இருவரும் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

நான் யாரிடமும் முன்னால் போய்ப் பேசுகிறவள் இல்லை. ரேஷன் கடையில்கூடப் பின்னால் நிற்பவர்தான் எனக்காகக் கேட்டு வாங்கித் தருவார். ஆனாலும் மறுநாள் அவளோடு பள்ளிக்கூடம் போனேன். சார் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்கம்மா, அது பழைய தெர்மாமீட்டருங்க. எல்லாரும் நூறுன்னுதான் எழுதியிருக்காங்க."

"ரெண்டுலயும் அதேதானுங்க சார் வந்துச்சாமா."

மகள் உற்சாகமாக ஆரம்பித்தாள். "சார், நம்ம மல ஒசரமா இருக்கறதால காத்தோட அழுத்தம்..."

"இங்கிலீஷ்ல சொல்லு."

அவள் கண்கள் என்னிடம் வந்தன. நான் எந்த இங்கிலீஷை எடுத்துக் கொடுப்பேன்?

"சரி, டெஃபனிஷன் சொல்லு" என்றார். முந்தின நாள் சொன்ன அதே வரியை அவள் கடகடவென்று ஒப்பித்தாள்.

"பாத்தீங்களாம்மா? சரியானது தெரியுது. அதுக்கு மேல கேட்டா சொல்லத் தெரியல. புரியாததை எழுதுனா மார்க் போகுமுங்க."

அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்ததை, அவளுக்குப் புரிந்தது என்று எடுத்துக்கொள்கிறார். புரிந்துகொண்டு சொல்ல வந்தவளின் வாயைத் தமிழ் என்பதால் அடைத்துவிட்டார்.

"அந்த நார்மல் பிரஷர்னா என்னங்க சார்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கத்துகிற மாதிரி கேட்டது. பக்கத்து மேசை டீச்சர்கள் திரும்பினார்கள்.

"அது பரீட்சைக்கு வராதுங்கம்மா" என்றார், மணியைப் பார்த்தபடி.

இன்னும் எவ்வளவோ கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மலை உச்சியில் பள்ளிக்கூடத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, கடற்கரைத் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளை எழுத வைக்கிறார்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்ன பிள்ளையைக் கேலிக்கு விடுகிறார்கள். இதற்கு அறிவியல் என்று பெயர்.

அந்த வாரமே அவள் நூறு என்று மாற்றி எழுதிவிட்டாள். சார் கையெழுத்துக்குக் கீழே "குட்" என்றும் போட்டிருந்தார்.

போன வாரம் வேறொரு சோதனை. எவ்வளவு வந்தது என்று கேட்டேன்.

"புக்குல இருக்கறதுதாம்மா. ஸ்பிரிட் வெளக்கே பத்த வெக்கல."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள்: "பஸ்ஸுல இப்ப யாரும் கேலி பண்றதில்லம்மா."