நான் கழுவிய சுவர்

சித்தூரில் நாங்கள் வீடு கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். ஒருநாள் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் வந்து, எங்கள் காம்பவுண்டுச் சுவரில் படம் வரையட்டுமா என்று கேட்டார்கள். திருப்பதியில் ஓவியம் படித்துவிட்டு பெங்களூரில் இருப்பவர்களாம்.

"நீங்க ஒண்ணும் தர வேணாங்க்கா. தெரு பூரா வரையப் போறோம்" என்றாள் அந்தப் பெண்.

சும்மா யார் வரைவார்கள்? மனதில் இடித்தாலும் தலையாட்டிவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் சுவரில் படமே இல்லை. சாக்பீஸில் கண்டபடி எழுத்து, எண், அம்பு, வட்டம். மூவரும் எதிர்ப்பக்கம் நின்று, கேட்டிலிருந்து ஜன்னல்வரை செல்போனில் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பின்தெருவில் சாலையை அகலப்படுத்தியபோது, இடிக்கவிருந்த வீடுகளில் இப்படித்தான் எண்ணும் அம்பும் போட்டிருந்தார்கள்.

போனில் சொன்னதும் வீட்டுக்காரர் கத்தினார். "ஆம்பள இல்லாத வூடுன்னு நோட்டம் பாத்துக்கினு போயிருப்பானுங்க. எதுலனா கையெழுத்து போட்டியா?"

விடிந்ததும் தென்னந்துடைப்பத்தை எடுத்துச் சுவர் முழுக்கத் தேய்த்துக் கழுவினேன்.

ஒன்பது மணிக்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். எதிரே இஸ்திரி வண்டிக்காரர், ஏறி நின்று வரைய அவர்கள் கொண்டுவந்து இறக்கிய சாரக் கம்புகள் தன் இடத்தை அடைக்கின்றன என்று முந்தின நாள் சண்டை போட்டிருந்தார். மூவரில் உயரமானவன் நேராக அவரிடம் போனான்.

"நீதானே அழிச்சே?"

"தேவுடு சாட்சியா நான் இல்ல, பாபு."

"நேத்து நீதானே கத்திக்கினு இருந்த? வேற யாரு?"

கூட்டம் சேர்ந்தது. வயசானவர், இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். கேட்டுக்குள் நின்றிருந்த நான் ஓசைப்படாமல் உள்ளே போயிருக்கலாம். உள்பக்கமாக ஒரு அடி எடுத்தும் வைத்தேன். பிறகு திரும்பிக் கேட்டைத் திறந்தேன்.

"அவர வுடுங்க. நான்தான் கழுவுனேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பமேக்கா."

செல்போனைக் காட்டினாள். குறிகளோடு என் சுவர். அதன்மேல் மங்கலாக, நிலக்கடலைச் செடியைப் பிடுங்கும் இரண்டு கைகள். படத்தின் எந்தக் கோடு எந்தக் குறியைத் தொட்டுப் போகிறதோ, அதைப் பார்த்துச் சுவரில் பெரிதாக வரைவார்களாம். எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அது தெரிந்தோ என்னவோ, சாக்பீஸை என் கையில் கொடுத்தாள்.

"இந்த தபா நீங்களே போடுங்க. என்ன வேணா எழுதலாம்."

தோன்றிய தமிழ் எழுத்தையெல்லாம் எழுதினேன். நாலு நாளில் அவற்றின்மேல் மண்ணும் பச்சையுமாகக் கைகள் எழுந்தன. மூவரும் மாறி மாறி வண்ணம் பூச, தெருவே நின்று பார்த்தது.

இஸ்திரிக்காரர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. துணி மூட்டையோடு போனேன். "கரி தீந்துபோச்சும்மா" என்றார். பெட்டி புகைந்துகொண்டிருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.